அரைப்பேர்: பண ஆசை பற்றிக் கண்டி மலையிலிருந்து சில சிந்தனைகள்



செல்வத்தை ஒரு கிறிஸ்தவர் எப்படிப் பார்க்க வேண்டும் என்று பேசும்படி கேட்டிருந்தீர்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்கு என் அம்மாயியின் நினைவுதான் வந்தது. கண்டிக்குத் தென்கிழக்கே ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு ஏறி வருவார். கூடையை அவர் இறக்கி வைக்கும் விதத்திலேயே அன்றைய கதை எங்களுக்குத் தெரிந்துவிடும். சில நாட்களில் வாசற்படியில் உட்கார்ந்து, காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்துப் போட்டபடி, “இன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க” என்பார்.

தோட்டத்தைத் தெரியாதவர்களும் இந்த அவையில் இருப்பதால் விளக்கிவிடுகிறேன். தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று சொல்வார்கள். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, மாலையில் கொழுந்து நிறுத்து, செக்றோலில் பதிந்தால் அது ஒரு பேர். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். மழையில் நனைந்து நாள் முழுதும் மலையில் நின்ற உடம்புக்குப் பாதி மனுசியின் சம்பளம். சிறு வயதில் எனக்கு அது வெறும் கணக்குச் சொல்லாகத்தான் பட்டது. வேதாகமத்தைப் பாடமாகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சொல் என்னை உறங்கவிடாமல் செய்தது. ஒருவருடைய உழைப்புக்கு அவருடைய பெயரையே வைத்துவிட்டு, அந்தப் பெயரை இரண்டாக வெட்டும் அதிகாரத்தை இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறோம். பண ஆசை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், முதலில் இதைத்தான் காட்டுவேன்.

பணமே எல்லாத் தீமைக்கும் வேர் என்று பவுல் சொன்னதாகப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தால், அங்கே குற்றம் சாட்டப்படுவது பணத்தின் மீதுள்ள ஆசை. மூலக் கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் வெள்ளியின் மேல் வைத்த நேசம் என்று வரும். இந்த வேறுபாட்டைப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். வசதியாக இருப்பவர்களுக்கு அதில் ஒரு நிம்மதியும் உண்டு. கையில் பணம் இருக்கிறது, மனசில் ஆசை இல்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அப்படிப் போவதற்கு முன் ஐந்து வசனம் மேலே போய்ப் படித்துப் பாருங்கள். அந்த எச்சரிக்கையைப் பவுல் தொடங்குவது வியாபாரிகளிடமிருந்தோ நிலக்கிழார்களிடமிருந்தோ இல்லை. பக்தியை ஆதாயம் தரும் தொழிலாக எண்ணுகிற போதகர்களிடமிருந்து தொடங்குகிறார். எபேசுவில் ஊழியம் செய்த ஓர் இளம் மேய்ப்பனுக்கு எழுதிய கடிதம் அது. ஆகவே, பண ஆசையைப் பற்றிய பிரபலமான அந்த வசனம் முதலில் விழுவது பிரசங்க மேடையின் மேல். அடுத்ததாகத்தான் கீழே இருக்கும் வாங்குகளின் மேல்.

வள்ளுவரும் பொருளைப் பழித்தவரல்லர். ‘பொருள்செயல்வகை’ என்று ஓர் அதிகாரத்தை வைத்து, பொருள் இல்லாதவனை உலகம் எப்படி நடத்தும் என்று கண் திறந்து சொன்னார். அதே அதிகாரத்தில், அது எந்த வழியில் வந்தது என்றும் கேட்டார். இந்தக் கேள்வியைத்தான் இன்று நான் கண்டி மலைகளிடம் கேட்கப் போகிறேன். எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்பது சுலபம். எப்படி வந்தது என்று கேட்பதுதான் கடினம்.

எப்படி வந்தது?

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. பத்தே வருடத்துக்குள் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹாபிட்டியவில் தோட்டம் போட்டார். பிறகு வந்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குரியவை என்று அது சொன்னது. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு மலை விற்கப்பட்டது. யார் வாங்கினார்கள்? இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தமது நூலில் அதை மறைக்காமல் எழுதி வைத்தார். ஆளுநர், ஆலோசனைச் சபையினர், படையினர், நீதிபதிகள், சிவில் உத்தியோகத்தரில் பாதிப்பேர் என்று அவர் அடுக்கிய வரிசையில் குருமாரும் இருக்கிறார்கள்.

குருமாரும். எபேசுவுக்கு எழுதப்பட்ட எச்சரிக்கை கண்டிக்கு வந்து சேர்ந்திருந்தது. கேட்கத்தான் காதில்லை.

அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தஞ்சாவூர், திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து பஞ்சத்தில் அடிபட்ட குடும்பங்கள் கடல் தாண்டி மன்னாரில் இறங்கின. அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, கண்டிச்சீமைக்கு ஏறின. வழியெங்கும் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்து கிடந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. கோப்பிச் செடியைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிகள் சொல்லி அழைத்து வந்ததாக எங்கள் முதியோர் சொல்வார்கள். பண ஆசை என்றால் பணக்காரனின் ஆசை என்று மட்டும் நினைக்கிறோம். பசித்தவனின் நம்பிக்கையைத் தூண்டிலாக்கிக் காசு பார்ப்பதும் அதே ஆசைதான். அந்தத் தூண்டிலைப் பிடித்திருந்த கை பல வேளைகளில் நம்முடைய சொந்தச் சாதிக்காரனின், நம்முடைய மொழிக்காரனின் கை.

1869ஆம் ஆண்டை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. மலையக இலக்கியத்தின் முதல் அச்சு நூல்களில் ஒன்றாகச் சொல்லப்படும் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அந்த ஆண்டில்தான் வந்தது. எழுதியவர் ஆபிரகாம் ஜோசப், ஒரு கிறிஸ்தவர். தோட்ட முயற்சியைப் போற்றி, உழைப்பாளியை ஊக்குவிக்கும் நூல் அது. அதே 1869இல்தான் கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் தூள்போல ஒரு நோய் முதன்முதலில் கண்டுகொள்ளப்பட்டது. ஆனாலும் காடு வெட்டுவது நிற்கவில்லை. 1870களின் இறுதியில் கோப்பி நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. பிறகு எல்லாம் சரிந்தது. 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. அதன் நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பேற்கிறது என்று ஆளுநர் ஆர்தர் கோர்டன் அறிவிக்க வேண்டியதாயிற்று. லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில் இயேசு சொன்ன பணக்காரன் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட அன்றிரவே அவன் உயிர் கேட்கப்பட்டது. கண்டியிலே அந்த உவமை நடந்து முடிய பதினைந்து வருடம் எடுத்தது, அவ்வளவுதான். ஒரு வேறுபாடு உண்டு. உவமையில் களஞ்சியக்காரன் மட்டும் போனான். இங்கே துரைமார் சிலர் கடனாளியாகக் கப்பலேறினார்கள். சம்பளப் பாக்கியோடு மலையில் விடப்பட்டவர்கள் தொழிலாளர்கள்.

இதே காலத்தில்தான் திருச்சபையும் மலைக்கு ஏறியது. 1854இல் சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கத்தார் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு தமிழ் மிஷனைத் தொடங்கினார்கள். அதன் பெயரிலேயே ‘கூலி’ என்ற சொல் இருந்தது. தோட்டத்துரைமாரின் சந்தா அதற்குக் கிடைத்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து, பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் நின்று சுவிசேஷம் சொன்னார்கள். என் குடும்பத்துக்கு அந்த வழியாகத்தான் வேதம் வந்தது. அவர்கள் நடந்த பாதைக்கு நான் நன்றியோடு தலை வணங்குகிறேன். ஆனால் நன்றி உள்ளவன் கேள்வியை விழுங்க வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. சந்தா கொடுத்தவருடைய கணக்கேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை அந்த உபதேசிக்கு இருந்ததா? ஏழை எழுத்துப் படித்தால் நல்லது, ஒழுங்காக வேலை செய்வான் என்று நம்பிக் கொடுத்தவர்களின் காசில், கூலியைப் பிடித்து வைப்பவர்களைப் பற்றி யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியதை எத்தனை பேர் பிரசங்கித்திருப்பார்கள்?

இரண்டு கடன்

துண்டு என்ற சொல்லை இங்கே இருக்கும் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். கடல் கடக்கவும் வழிச் செலவுக்கும் அரிசிக்கும் கம்பளிக்கும் கங்காணி கொடுத்ததெல்லாம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். அவர் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று துரை ஒரு துண்டுக் கடதாசி எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கைதான் மாறும். பல வேளைகளில் தொழிலாளி வாங்காத காசும் அதில் ஏறியிருக்கும். கடதாசியில் ஒரு தொகை. அந்தத் தொகைக்குள்ளே புருசன், பெண்சாதி, பிள்ளை எல்லோரும் அடக்கம். இந்த முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்தான்.

இனி என்னோடு திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்துக்கு வாருங்கள். கண்டியின் பழைய மண்டபங்களைப் போலக் கருங்கல் தூண்களோடு எழுந்து நிற்கும் அந்த ஆலயத்தின் சுவர்களில் டேவிட் பெயின்டர் வரைந்த பெரிய சித்திரங்கள் இருக்கின்றன. ஆங்கில மிஷனரித் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர் அவர். சீடரின் பாதம் கழுவும் காட்சி ஒன்று. நல்ல சமாரியன் ஒன்று. சமாரியன் முன்னால் நான் பல தடவை நின்றிருக்கிறேன். நாம் அந்த உவமையை இரக்கத்தின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எண்ணெய் வார்த்தான், காயம் கட்டினான், கழுதையில் ஏற்றினான். கதையின் கடைசியில் வரும் பணத்தை யாரும் பேசுவதில்லை. சத்திரக்காரனிடம் அவன் இரண்டு தெனாரியம் கொடுக்கிறான். மத்தேயு இருபதாம் அதிகாரத்தின்படி ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி. எங்கள் தோட்டக் கணக்கில் இரண்டு பேர். அதோடு நிற்காமல், இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது நான் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். அடிபட்டவனுக்காகத் தன் தலையில் எல்லை குறிக்காத ஒரு கடனை ஏற்றிக்கொள்கிறான்.

துண்டிலும் வழியில் விழுந்துகிடந்த ஒருவர் இருக்கிறார், சமாரியன் கதையிலும் இருக்கிறார். இரண்டிலும் பணம் கைமாறுகிறது, இரண்டிலும் ஒரு கடன் எழுதப்படுகிறது. துண்டிலே கடன் விழுந்தவர் மேல் எழுதப்பட்டது. சமாரியன் அதைத் தன் மேல் எழுதிக்கொண்டான். கிறிஸ்தவர் பணத்தைத் தொடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தொடலாம், சமாரியன் தொட்டான், யார் பெயரில் பற்று எழுதுகிறீர்கள் என்பதைப் பாருங்கள்.

பெயர் என்றதும், கண்டியின் மகியாவை மயானத்தில் இருக்கும் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை நினைவுக்கு வருகிறது. தெல்தோட்டைக்கு மேலே லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஸ்கொத்லாந்துக்காரர். பதினாறு வயதில் வந்தவர். தோட்டம் அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. 1892இல் அவரை விலகச் சொன்னார்கள், அவர் விலகவில்லை, அதே வருடம் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். தொழிலாளர்கள் முறை மாற்றித் தோள் கொடுத்து, பல மைல் தூரம் சுமந்து கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். தேயிலையால் பெருஞ்செல்வம் கண்ட உலகத்துக்கு அதைத் தொடங்கி வைத்தவர் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. அவருடைய பெயராவது கல்லில் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் எங்கே? மாத்தளைப் பாதையில் விழுந்தவர்களின் பெயர் எங்கே? இயேசு சொன்ன உவமைகளில் ஒன்றே ஒன்றில்தான் ஒரு பாத்திரத்துக்குப் பெயர் உண்டு. வாசலில் புண்களோடு கிடந்த ஏழைக்கு லாசரு என்று பெயர் வைத்தார். உள்ளே விருந்துண்ட பணக்காரனுக்குப் பெயர் வைக்கவில்லை. பரலோகத்தின் செக்றோல் வேறு விதமாக எழுதப்படுகிறது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். இலங்கைத் தேசியக் கிறிஸ்தவ மன்றம் அந்த நடையில் முன்னின்றது. அன்று சபை தன் பழைய கணக்கைத் தன் காலாலேயே திறந்தது என்று நான் நம்புகிறேன்.

அம்பிட்டியவும் ஆயிரம் ரூபாவும்

இந்த நகரத்துக்கு மேலே அம்பிட்டியவில் 1893இல் ஒரு குருமடத்தை நிறுவியவர் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர். அன்றைய இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருமாரை உருவாக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் கண்டி. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன், 1891 மே மாதத்தில், தொழிலாளர் நிலையைப் பற்றிய சுற்றுமடல் ஒன்றை அவர்தான் வெளியிட்டார். தொழிலாளியும் முதலாளியும் ஒப்புக்கொண்ட தொகை என்பதாலேயே கூலி நீதியாகிவிடாது. சிக்கனமாக வாழும் தொழிலாளிக்கு அது போதுமா என்பதே ஒப்பந்தத்துக்கு முந்திய நீதி என்று அதில் சொன்னார். அந்த மடலை எழுதிய கையே அம்பிட்டிய மலையில் குருமடத்தை வைத்தது. அங்கிருந்து பார்த்தால் சுற்றிலும் தோட்டங்கள்.

அந்த நீதி இங்கே இறங்கி வர எவ்வளவு காலம் எடுத்தது என்று பாருங்கள். நாளுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை வருடக்கணக்காகத் தெருவிலும் மேடையிலும் கிடந்து, 2021 மார்ச்சில்தான் சம்பளச் சபை மூலம் நிறைவேறியது. 2022இல் நாடு வங்குரோத்தாகி, அரிசியும் மாவும் எண்ணெயும் பல மடங்கு ஏறியபோது அந்த ஆயிரம் கையிலேயே கரைந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. தொகை ஏறுகிறது. கிலோ இலக்கும் அரைப்பேரும் கூடவே இருக்கின்றன.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சேமலாப நிதிக்கென்று தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு வெட்டப்படுகிறது. நிர்வாகம் பன்னிரண்டு சேர்த்துக் கட்ட வேண்டும். கண்டி, மாத்தளை மாவட்டங்களில் அரச நிறுவனங்கள் நடத்திய தோட்டங்களில் இந்தப் பணமும் சேவைக்காலப் பணமும் வருடக்கணக்கில் நிலுவையில் கிடந்தன. பாராளுமன்றத்திலேயே பேசப்பட்ட விசயம் இது. ஐம்பத்தைந்து வயதில் கூடையை இறக்கி வைத்தவர், தன் சம்பளத்தில் வெட்டிய காசையே கேட்டு அலைந்தார். வெள்ளைத் துரை போய்விட்டார், தனியார் கம்பனி இல்லை, நம்முடைய சொந்த அரசு. பிடித்து வைத்த கூலி தானே வாய் திறந்து கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதினார். பண ஆசைக்கு இனமும் இல்லை, கொடியும் இல்லை என்பதைக் கண்டியில் இருப்பவர்கள் வேறெங்கும் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

அம்மாயிக்கு மிகவும் பிடித்த உவமை திராட்சத் தோட்டத்துக் கூலியாட்கள். காலையில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு தெனாரியம். அது நியாயமா என்று ஞாயிறு பாடசாலையில் எங்களுக்கு விவாதமே நடக்கும். அம்மாயியிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “பிந்தி வந்தவனுக்கும் வீட்டுல உலை வைக்கணும்ல? அந்தத் தொரை எல்லாருக்கும் முழுப்பேர் போட்டாரு” என்றார். பிற்காலத்தில் நான் படித்த எந்த விளக்கவுரையும் இதைத் தாண்டவில்லை. நாள் முழுதும் சந்தையில் நின்றும் யாரும் கூப்பிடாதவனுடைய வயிற்றை நினைத்து அந்த எசமான் கூலியைக் கணக்கிட்டார். கிறிஸ்தவப் பொருளாதாரம் என்று ஒன்று உண்டென்றால் அதன் முதல் வரி அந்த முழுப்பேர்தான்.

வேறு விதமாக வாழ்ந்தவர்கள்

குற்றப் பட்டியலோடு நான் இறங்கிவிடக் கூடாது. இந்த மண்ணிலேயே பணத்துக்குக் கட்டுப்படாமல் வாழ்ந்து காட்டியவர்கள் உண்டு. லியோ நாணாயக்கார 1959 முதல் கண்டியின் ஆயராக இருந்தவர். 1972இல் பதுளை மறைமாவட்டம் புதிதாகப் பிரிக்கப்பட்டபோது, வசதியும் நிறுவனங்களும் நிறைந்த கண்டியை விட்டுவிட்டு, ஒன்றுமில்லாத பதுளையை விரும்பிக் கேட்டுப் போனார். 1982இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். ஓர் ஆயர் பெரிய ஆசனத்திலிருந்து சிறிய ஆசனத்துக்குத் தாமாக இறங்கிப் போவது எவ்வளவு அரிது என்பதைத் திருச்சபை நிர்வாகம் தெரிந்தவர்கள் அறிவார்கள்.

அதே 1972இல்தான் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூக நிலையத்தைத் தொடங்கினார். ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர். உயர்ந்த கல்லூரிகளின் அதிபர் நாற்காலிகள் அவருக்குக் காத்திருந்திருக்கும். அவர் சிங்களவரையும் தமிழரையும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில் சேர்த்து வைத்து, தோட்ட மக்களின் கூலிக்கும் குடியுரிமைக்கும் வாழ்நாளைக் கொடுத்தார். 2017இல் இறந்தார். தோட்ட மக்களுக்குத் தர்மம் கொடுப்பதைப் பற்றி அவர் பேசியதைவிட, அவர்களுக்குச் சேர வேண்டியதைப் பற்றிப் பேசியதே அதிகம்.

அம்பிட்டியவில் பிறந்த அலோசியஸ் பீரிஸ் அடிகள் இதற்கு இறையியல் மொழி கொடுத்தார். கடவுளுக்கும் மாமோனுக்கும் ஒருக்காலும் சமரசம் இல்லை. ஏழைகளோடு கடவுள் செய்த உடன்படிக்கைக்கு முறிவும் இல்லை. இந்த இரண்டும்தான் வேதாகமத்தின் தூண்கள் என்பது அவர் கருத்து. மாமோன் என்ற அரமேயச் சொல்லை நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் ‘உலகப்பொருள்’ என்று மொழிபெயர்த்தது. அந்த மொழிபெயர்ப்பில் ஓர் இழப்பு நேர்ந்துவிட்டது. பொருள் என்பது நாம் வைத்திருப்பது. மாமோன் நம்மை வைத்திருப்பது. ஊழியம் கேட்கும் எசமான். பீரிஸ் இன்னொன்றையும் நமக்கு நினைவூட்டினார். தானாக ஏற்ற ஏழ்மை வேறு, சுமத்தப்பட்ட ஏழ்மை வேறு. மல்வத்தையிலும் அஸ்கிரியவிலும் பாத்திரத்தோடு வாழும் பௌத்தத் துறவு மரபு நம் அயலிலேயே இருக்கிறது. ஆசையே துன்பத்தின் காரணம் என்று நமக்கு முன்பே சொன்ன மரபு அது. விரும்பி ஏற்ற ஏழ்மை நம்மை விடுவிக்கும். லயத்து ஏழ்மையை யாரும் விரும்பி ஏற்கவில்லை. அதைப் பாக்கியம் என்று பிரசங்கிப்பது பாவம்.

நம்மைப் பற்றி

லயத்திலிருந்து இறங்கி, படித்து, கண்டியில் வீடு வாங்கியவர்களில் நானும் ஒருவன். நமக்கு ஒரு புதிய சோதனை வந்திருக்கிறது. பத்து வட்டிக்குக் கொடுப்பவர்களில் ஆலயத்துக்குத் தவறாமல் வருபவர்கள் இருக்கிறார்கள். சீதனம் பேசும்போது நம் வாயில் வேதம் வருவதில்லை. சில மாதத்தில் பணம் இரட்டிக்கும் என்று சொன்ன பிரமிட் திட்டங்களை மத்திய வங்கி தடைசெய்த பின்னரும், ஜெபக் கூட்ட நட்பை வைத்தே அதற்கு ஆள் சேர்த்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வாட்டுவது வேறொன்று. காணிக்கையை விதை என்று சொல்லி, போடுகிறவர்களுக்கு நூறு மடங்கு திரும்பும் என்று உறுதி கொடுக்கும் பிரசங்கம் இப்போது தோட்டத்துக் கூடாரங்களுக்கு வந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஒரு தாய், பல மாதம் அலைந்து வாங்கிய சேமலாப நிதியில் பாதியை அப்படி ‘விதைத்துவிட்டு’ என்னிடம் வந்து அழுதார். அவருக்கு அந்த மேடையில் காட்டப்பட்ட முன்மாதிரி, இரண்டு காசு போட்ட விதவை. மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் அந்த விதவை வருவதற்கு இரண்டு வசனம் முன்னே பாருங்கள். நீண்ட ஜெபம் செய்து விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில் அந்தத் தேவாலயம் கல்லின்மேல் கல் இல்லாமல் இடியும் என்கிறார். நடுவிலே தன் பிழைப்பு முழுவதையும் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறாள் அந்தப் பெண். இயேசு அவளை மெச்சினார். அவளிடமிருந்து அதை வாங்கிக்கொண்ட பெட்டியை அவர் மெச்சவில்லை. பக்தியை ஆதாயமாக எண்ணுகிறவர்களைப் பற்றிப் பவுல் எழுதியது இந்த மேடைகளுக்காகத்தான். அதைச் சொல்ல நாம் ஏன் தயங்குகிறோம்? நம் பெட்டியும் அப்படிப்பட்டதாக இருந்துவிடுமோ என்ற பயமா?

சகேயு மரத்திலிருந்து இறங்கியதும் இரண்டு காரியம் சொன்னான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாக யாரிடமாவது வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பி. நம் சபைகளில் முதலாவதற்கு இரசீதுப் புத்தகம் இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை. கொடுத்ததை எழுதி வைக்கிறோம். திருப்ப வேண்டியதை எங்கும் எழுதுவதில்லை.

ஆகவே இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உங்கள் சபைப் பொருளாளரிடம் போய்க் கேளுங்கள். ஆலயத்தைக் கூட்டுகிறவருக்கு, மணி அடிக்கிறவருக்கு, பாடசாலை வாசலில் நிற்கும் காவலாளிக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம்? அதில் அவர் குடும்பம் உலை வைக்க முடியுமா? சேமலாப நிதி கட்டுகிறோமா? சிறிய அறநிறுவனங்களுக்குச் சட்டம் சில விலக்குகளைக் கொடுத்திருக்கிறது. அந்த விலக்குக்குப் பின்னால் நாம் ஒளிந்திருக்கிறோமா என்றும் கேளுங்கள். பிறகு வீட்டுக்குப் போய், உங்கள் சமையலறையில் வேலை செய்யும் பெண் காய்ச்சலில் வராத நாளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று பாருங்கள். அங்கே அரைப்பேர் எழுதியிருந்தால் நாளைக்கே திருத்துங்கள். பாக்கி இருந்தால் நத்தார் வரை வைத்திருக்காமல் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.